‘இல்ல, இதுதான்’ என்ற அக்கா

கேன்டீனில் அந்த அக்கா எப்போதும் வரிசையின் கடைசியில்தான் நிற்பார். பின்னால் வருகிறவர்களுக்கெல்லாம் வழிவிட்டுக்கொண்டே, முன்னால் நிற்பவர் என்ன வாங்குகிறார் என்று எட்டிப் பார்ப்பார். அவர் மீ கோரேங் வாங்கினால் அக்காவுக்கும் மீ கோரேங். அவர் நாசி லெமாக் வாங்கினால் அக்காவுக்கும் அதுவே. ஒருநாள் விளையாட்டாக அக்காவின் தோளைப் பிடித்துக் கொண்டுபோய் வரிசையின் முன்னால் நிறுத்திவிட்டேன். கடைக்காரப் பெண் கரண்டியும் கையுமாக என்ன வேண்டும் என்று மூன்று முறை கேட்டாள். அக்கா தட்டுகளைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், திரும்பி என்னைப் பார்த்தார். நெற்றி வேர்த்துவிட்டது. கடைசியில் அந்தப் பெண்ணே எதையோ அள்ளி வைத்து நீட்டினாள். வாங்கிக்கொண்டபோது அக்காவின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. தட்டில் இருந்தது அவருக்கு ஒத்துக்கொள்ளாத கணவாய்ச் சம்பல். அதையும் சாப்பிட்டுவிட்டு இரண்டு நாள் கையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

நாங்கள் இருவரும் புக்கிட் பெருந்துங்கில் பாட்டில் மூடி செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். வீடு பத்தாங் காலியில், ஒரே தாமான் குடியிருப்பு, ஒரே வரிசை. என் வீட்டிலிருந்து நான்காவதாக இருந்த மூலை வீடு அவருடையது. காலை ஆறேகாலுக்குக் கம்பெனி வேன் வரும். ஆறு வருடம் ஒரே சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறோம். எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. அவருக்கு ஐம்பதைத் தாண்டியிருந்தது.

வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. மூடிகளைச் சோதிக்கிற மேசையில் இருந்தார். ஒரு கூடை மூடியைக் கொட்டிப் பரப்பினால், விரல் நேராகப் போய்க் கோணல் மூடியின் மேல் நிற்கும். யோசிக்கவே மாட்டார். ஆகாது, நல்லது, நல்லது, ஆகாது. சூப்பர்வைசர் சந்தேகம் வந்தால் அவரிடம்தான் கொண்டுவருவார்.

“இங்க மட்டும் எப்படிக்கா இவ்ளோ தெளிவா இருக்கீங்க?” என்று ஒருமுறை கேட்டேன்.

“மேசைக்கு மேல மாதிரி மூடி தொங்குதுல்ல தங்கச்சி. நல்லது எது, ஆகாதது எதுன்னு கம்பெனியே ஒட்டி வச்சிருக்கு. வீட்டுல அப்படி ஒண்ணும் தொங்கலையே.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

அவர் வீட்டுக் கேட்டைப் பற்றித் தாமானில் எல்லாருக்கும் ஒரு கதை தெரியும். ஒரு கிறிஸ்துமசுக்கு முன்னால் கேட்டுக்குச் சாயம் அடிக்க ஆரம்பித்தார். இடப்பக்கத்து வீட்டுக்காரர் நீலம் நன்றாக இருக்கும் என்றார், அக்கா நீலம் வாங்கிவந்தார். பாதி அடித்துக்கொண்டிருக்கும்போது எதிர்வீட்டுப் பெண், நீலம் வெயிலுக்குச் சீக்கிரம் வெளுத்துப்போகும், காப்பிக் கலர் அடியுங்கள் என்றாள். மீதிப் பாதி காப்பிக் கலர் ஆனது. மறுவாரம் ஜெபத்துக்கு வந்த போதகர், பண்டிகைக்கு வெள்ளை இன்னும் அழகாக இருக்குமே என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கிறிஸ்துமசுக்கு அக்கா வீட்டுக் கேட்டு மூன்று நிறத்தில் நின்றது. நாங்கள் சிரித்தோம். அவரும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். “யாரு சொன்னதும் தப்பில்லையே, எல்லாம் நல்லதுக்குத்தானே சொன்னாங்க” என்றார்.

யார் எதைச் சொன்னாலும் அவரிடம் ஒரே பதில்தான். “நீ சொன்னா சரிதான்.”

இது கோழைத்தனம் என்று நான் முதலில் நினைத்திருந்தேன். பிறகு ஒருநாள் வேனில், இறந்துபோன கணவரைப் பற்றிப் பேசினார். அப்பா இந்த மாப்பிள்ளையைக் காட்டிக் கேட்டபோதும் நீங்கள் சொன்னால் சரிதான் என்றுதான் சொன்னாராம். நல்ல மனிதராக அமைந்துவிட்டார். “காலையில வேலைக்குப் போறப்பவே இன்னைக்கு என்ன கொழம்புன்னு சொல்லிட்டுத்தான் போவாரு. கோயிலுக்குக் கெளம்பினா எந்தச் சேலைன்னு எடுத்து வச்சிடுவாரு. எனக்கு ஒரு பிரச்சினையும் இல்ல தங்கச்சி. அவரு போன அன்னைக்கு, அழுதுகிட்டு இருக்கறப்பவே, நாளைக்கு என்ன சமைக்கறதுன்னுதான் பயமா வந்துச்சு.” பிள்ளைகள் இல்லை. ஒருவர் சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் அதற்குப் பிறகு ஊரே சொல்ல ஆரம்பித்தது.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு முறை தானாக ஒன்றைத் தேர்ந்தெடுத்ததை நான் கூடவே நின்று பார்த்தேன்.

பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் வீட்டுக்காரர் கார் எடுத்தார். நான், என் மகள், அக்கா, எங்கள் வேனில் வரும் மல்லிகா. மல்லிகாவுக்கு வாய் பெரிது, மனசும் பெரிது. கோலசிலாங்கூர் போய்க் குரங்குகளுக்குக் கச்சான் கடலை போட்டு, கடற்கரையில் மீன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். ஈஜோக் தாண்டி ரோட்டோரத்தில் ஒரு நர்சரி. வாசலில் வைக்க இட்லிப்பூச் செடி வாங்கலாம் என்று நான்தான் காரை நிறுத்தச் சொன்னேன்.

நான் செடி பார்த்து முடித்துத் திரும்பினால் அக்காவைக் காணோம். கறுப்பு வலைப் பந்தலுக்கு அடியில், நீளப் பலகைகளின் மேல் வரிசையாகப் போன்சாய் மரங்கள். அங்கே நின்றுகொண்டிருந்தார். எல்லாம் தட்டைத் தொட்டியில், ஒரு முழ உயரத்தில், ஆனால் வயதான மரம் போலவே அடிமரம் பருத்து, பட்டை வெடித்து நின்றன. உருண்டையாகக் குடை பிடித்த மாதிரி சில. வெள்ளைப் பூ தொங்கிக்கொண்டிருந்த சில. அக்கா நின்றது ஓரத்தில் இருந்த ஒன்றின் முன்னால். அந்த மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, தொட்டி விளிம்புக்குக் கீழே இறங்கப் பார்த்து, மனம் மாறியதைப் போல மறுபடி மேலே ஏறியிருந்தது. ஒரு பக்கம் கிளையே இல்லை.

“என்னக்கா, கூனல் விழுந்த மரத்த பாத்துகிட்டு நிக்கறீங்க?” என்றாள் மல்லிகா. “வாங்கறதா இருந்தா அந்தப் பூ இருக்கறத வாங்குங்க.”

“உருண்டையா இருக்கே, அது வீட்டுக்கு அழகா இருக்கும்” என்றேன் நான்.

“மொத மொதல்ல வாங்கறவங்களுக்கு மொட்ட மரம் எதுக்கு?” என்றார் என் வீட்டுக்காரர்.

மூன்று பேர் சொல்லியாகிவிட்டது. ‘நீங்க சொன்னா சரிதான்’ என்று வரும் என்று நான் காத்திருந்தேன்.

“இல்ல” என்றார் அக்கா. “இதுதான்.”

குரல் கூட மாறவில்லை. மேசையில் மூடியைத் தொடுகிற அதே விரலால் தொட்டியின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தார். மல்லிகா என்னைப் பார்த்தாள். ஏன் இது என்று கேட்டேன். “தெரியல தங்கச்சி. பாத்தேன், புடிச்சிருச்சு” என்றார். வெட்கப்பட்டார்.

நர்சரிக்காரர் என் வயதுச் சீனர். தமிழர்கள் இருந்த ரப்பர் தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவராம், தமிழ் நன்றாக வந்தது. அந்த மரத்துக்கு மலாயில் ஆந்திங் புத்ரி என்று பெயர், இளவரசியின் தோடு என்று அர்த்தம், பூ தோடு மாதிரிதான் தொங்கும் என்றார். புதிதாக வளர்க்கிறவர்களுக்கு ஏற்ற மரம்தான், நம் ஊர் வெயிலுக்குப் பழகியது என்றார். அக்காவை நிற்கவைத்து மெதுவாகச் சொன்னார்.

“அக்கா, இத வீட்டுக்குள்ள வைக்காத. வெளிய வை, காலை வெயில் படணும். தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடி விரல மண்ணுக்குள்ள விட்டுப் பாரு. ஈரமா இருந்தா ஊத்தாத. காஞ்சிருந்தா அடியில ஓட்ட வழியா வர்ற வரைக்கும் ஊத்து. ஒரு வருஷத்துக்கு தொட்டி மாத்தாத. கம்பி கட்டாத. வேற ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா பாத்துகிட்டு இரு.”

அக்கா வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். வீடு வரும்வரை தொட்டியை மடியில் வைத்திருந்தார். பெர்மாட்டாங் பக்கம் ரோடு குலுங்கிய இடங்களில் எல்லாம் கையால் மரத்துக்கு அணை கொடுத்தார்.

அடுத்த இரண்டு மாதமும் இருந்த அளவு சந்தோஷமாக அவரை நான் வேறெப்போதும் பார்த்ததில்லை. வாசலில், காலை வெயில் விழும் இடத்தில் ஒரு முக்காலி போட்டு அதன் மேல் வைத்தார். வேனுக்கு வரும்போது அவர் ஆள்காட்டி விரலில் மண் இருக்கும். “இன்னைக்கு ஈரமா இருந்துச்சு, ஊத்தல” என்பார். இல்லாவிட்டால், “காஞ்சிருந்துச்சு, நல்லா ஊத்திட்டேன்” என்பார். ஒருநாள் கைக்குட்டையைப் பிரித்து ஒரு பூவைக் காட்டினார். சின்னஞ்சிறு வெள்ளைப் பூ, நீளக் காம்பு. வேன் முழுக்க அதை மோந்து பார்த்தோம். கொத்துக் கொத்தாக இருபது முப்பது தொங்குவதாகச் சொன்னார். அந்த மொட்டைப் பக்கத்தில் கூட ஒரு துளிர் வந்துவிட்டதாம்.

இப்போது நினைத்தால், அந்த இரண்டு மாதமும் மரம் நன்றாக இருந்ததற்குக் காரணம், அதைப் பற்றி அவரிடம் ஒரே ஒரு ஆள் மட்டும் பேசியிருந்ததுதான்.

பூத்த பிறகு எல்லாரும் பார்க்க வந்தார்கள். பார்த்தவர்கள் எல்லாம் பேசினார்கள். இது ஜப்பான் மரம், குளிரில்தான் இருக்கும், உள்ளே ஏர்கோன் அறையில் வையுங்கள் என்றார் ஒருவர். உள்ளே போனது. அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றினால் இலை பளபளக்கும் என்றார்கள், தினமும் ஊற்றினார். முட்டை ஓடு, காப்பித் தூள் சக்கை, கோழி எரு, எல்லாம் அந்தத் தட்டைத் தொட்டிக்குள் போயின. அடுத்த வரிசையில் ஒருவர், நேராக்கித் தருகிறேன் என்று செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டுப் போனார். அக்காவின் அண்ணி சுங்கை செம்பிலாங்கிலிருந்து வந்தவர், வளராத மரத்தை வீட்டில் வைத்தால் குடும்பம் வளராது என்று சொல்லப்போக, தொட்டி பின்கட்டுக்கு, துணி துவைக்கும் இடத்துக்குப் போனது. அங்கே வெயிலே கிடையாது.

இலை மஞ்சளானது. பிறகு காலையில் தொட்டியைச் சுற்றி உதிர்ந்து கிடந்தது.

“அந்தச் சீனர் சொன்னதுதானே சரி, அத மட்டும் செய்யுங்கக்கா” என்று ஒருமுறை சொன்னேன்.

“அவரும் சரியாத்தான் சொன்னாரு. இவங்களும் சரியாத்தானே சொல்றாங்க” என்றார். கண் கலங்கியிருந்தது. “யாரு சொல்றத விடறதுன்னு தெரியலையே தங்கச்சி.”

நான் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் முழுக்க யூடியூப்பில் போன்சாய் வீடியோவாகப் பார்த்தேன். எட்டு வீடியோ. அன்றைக்குச் சாயந்திரத்துக்குள் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. வேர் அழுகிவிட்டது. உடனே மரத்தைப் பிடுங்கி, பழைய மண்ணை எல்லாம் கழுவி, கெட்ட வேரை வெட்டி, புது மண்ணில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பிழைக்காது. கத்தரிக்கோலும் ஒரு பை மண்ணும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

அக்கா மரத்தைக் கையில் பிடித்துக்கொண்டார். நான் குழாயைத் திறந்து மண்ணைக் கழுவினேன். சில வேர்கள் கறுத்துக் கொழகொழவென்று இருந்தன. வெட்டினேன். வெள்ளை வேர்களும் இருந்தன. வீடியோவில் அந்த ஆள் மூன்றில் ஒரு பங்கை வெட்டியதாக ஞாபகம். பாதியா, மூன்றில் ஒன்றா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. வெட்டிக்கொண்டே போனேன்.

“இவ்ளோ வெட்டணுமா தங்கச்சி?” என்று கேட்டார்.

அவர் என்னை மறுத்துக் கேட்ட ஒரே கேள்வி அது.

“நம்புங்கக்கா” என்றேன்.

“சரி. நீ சொன்னா சரிதான்.”

புது மண்ணில் நட்டு, உரம் போட்டு, நல்ல வெயிலில் வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். நான்கு நாளில் மிச்ச இலையும் கொட்டியது. துளிர்க்கும், பொறுத்திருங்கள், தினமும் காலையில் தண்ணீர் தெளியுங்கள் என்றேன். பிறகு தொழிற்சாலையில் ஓவர்டைம், மகளுக்குப் பரீட்சை என்று நான் அதை மறந்தே போனேன். வேனில் அவரும் ஒன்றும் பேசவில்லை.

நான்கைந்து மாதம் கழித்து அவர் வீட்டுக்கு எதற்கோ போனேன். அக்கா வாசலில் நின்று, கருவேப்பிலைக் குச்சி போலக் காய்ந்து நின்ற அந்த மரத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அருகில் போய்ப் பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தேன். உயிர் இருந்தால் உள்ளே பச்சை தெரிய வேண்டும். பழுப்பாக இருந்தது. கொஞ்சம் மேலே கீறினேன், கீழே கீறினேன். எங்கும் பழுப்பு.

“அக்கா, இது செத்துப் போயி ரொம்ப நாளாச்சு.”

“தெரியும்” என்றார்.

“தெரிஞ்சும் ஏன் தண்ணி ஊத்தறீங்க?”

“நீ ஊத்தச் சொன்னல்ல? நிறுத்தச் சொல்லலையே.”

அவர் என்னைக் குத்திக் காட்டவில்லை. அப்படிக் குத்தத் தெரிந்தவராக இருந்திருந்தால் எனக்கு இன்றைக்கு இவ்வளவு பாரம் இருக்காது. நிறுத்திவிடுங்கள் என்றேன். கையிலிருந்த குவளைத் தண்ணீரை அப்படியே பக்கத்தில் இருந்த வேறொரு செடிக்கு ஊற்றிவிட்டு உள்ளே போய் எனக்குப் பாலில்லாத தே ஓ கலக்கினார்.

அந்த வருடக் கடைசியில் அவருடைய அண்ணன் வந்தார். சுங்கை செம்பிலாங்கில் கடலை ஒட்டி ஒரு சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர். வீட்டை விற்றுவிட்டு என்னோடு வந்துவிடு என்றார். தங்கை சரி என்றுவிட்டார்.

மல்லிகாவுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “வீடு போச்சுன்னா அப்புறம் எங்கலா நிப்பாங்க? அந்தக் கடைக்கு சம்பளம் இல்லாத ஆளு வேணும், அதான்.” அக்காவை என் வீட்டு ஹாலில் உட்காரவைத்தோம்.

“நாளைக்கு அண்ணன் வந்தா என்ன சொல்லணும்? மாட்டேன்னு சொல்லுங்க” என்றேன்.

“மாட்டேன்.”

“சத்தமா.”

“மாட்டேன்.”

மல்லிகா அண்ணன் மாதிரி குரலை மாற்றிக்கொண்டு, “ஏன் மாட்ட?” என்று அதட்டினாள்.

“தங்கச்சி சொல்லுச்சு” என்றார் அக்கா, என்னைக் காட்டி.

மல்லிகா சிரித்துவிட்டாள். எனக்கு எரிச்சல் வந்தது. “நான் சொன்னேன்னு சொல்லாதீங்கக்கா. யார் பேச்சையும் கேக்காதீங்க. உங்க வாழ்க்கை, நீங்களே முடிவெடுங்க.”

அக்கா என்னை உற்றுப் பார்த்தார். முடிந்தவரை என்னைத் திருப்திப்படுத்த வேண்டும் என்கிற பார்வை அது. “சரி தங்கச்சி. நீ சொன்னா எடுக்கறேன்” என்றார்.



மறுநாள் அவர் உண்மையாகவே அண்ணனிடம் மாட்டேன் என்று சொன்னார். நான் அங்கேயே இருந்தேன். அண்ணன் திகைத்துப்போனார். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். அக்கா பொய் சொல்லிப் பழகாதவர், என் பக்கம் பார்த்தார். அண்ணன் சண்டைக்கு வரவில்லை. என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார்.

“நீங்க நல்ல எண்ணத்துல சொல்றீங்கம்மா, இல்லன்னு சொல்லல. ஆனா இதுக்கு யாரு இருக்கா? நாளைக்கு பாத்ரூம்ல வழுக்கி விழுந்து கெடந்தா நீங்க வந்து தூக்குவீங்களா? வருஷம் முழுக்கப் பாப்பீங்களா?”

பார்ப்பேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர் தங்கையின் பக்கம் திரும்பி, “கெளம்பு” என்றார். “சரிண்ணே” என்றார் அக்கா. வேலையை விடுகிற கடிதத்தை அண்ணன் மகள் எழுதிக் கொடுத்தாள், இவர் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். லோரியில் சாமான் ஏறியபோது தாமானில் எல்லாரும் வந்து, எதை மேலே வைக்க வேண்டும், எதைக் கீழே வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஒன்றரை வருடம் கழித்துத்தான் அவரைப் பார்க்கப் போக முடிந்தது. போகிற வழியில் ஈஜோக் நர்சரி. அவருக்கு இன்னொரு மரம் வாங்கிக்கொண்டு போகலாம் என்று நிறுத்தினேன். நர்சரிக்காரருக்கு அக்காவை ஞாபகம் இருந்தது. “அந்தச் சாஞ்ச மரம் எடுத்துட்டுப் போனாங்களே, நல்லா இருக்கா?” என்றார். நடந்ததைச் சொன்னேன், என் கத்தரிக்கோல் உட்பட. போனில் இருந்த பழைய படத்தையும் காட்டினேன், இலை மஞ்சளாகியிருந்தபோது எடுத்தது.

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “தண்ணி கொஞ்சம் அதிகமாயிருச்சு, வெயில் இல்ல. அவ்ளோதான். திரும்ப வெளிய வச்சி சும்மா விட்டிருந்தா தானா வந்திருக்கும் அக்கா. அப்பவே வேர வெட்டினா அது எப்படித் தாங்கும்?” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, “புதுசா வளக்கறவங்க எல்லாரும் மொத மரத்த இப்படித்தான் சாகடிப்பாங்க. நானும்தான்” என்றார். நான் மரம் எதுவும் வாங்காமல் காரில் ஏறினேன்.

அண்ணன் கடைக்குப் பின்னால், குழாயடியில், ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து அக்கா இறால் உரித்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. யாரும் அவரைக் கொடுமைப்படுத்தவில்லை. அண்ணன் மகள் அவரை அத்தை அத்தை என்று பாசமாகத்தான் கூப்பிட்டாள். ஆனால் நான் இருந்த ஒரு மணி நேரத்துக்குள், உள்ளேயிருந்து வெங்காயம் என்று ஒரு குரல், நண்டு என்று ஒரு குரல், ஐந்தாம் மேசைக்குத் தண்ணி என்று ஒரு குரல். ஒவ்வொரு குரலுக்கும் எழுந்து போய் வந்தார்.

நான் கிளம்புகிற நேரத்தில் இறாலைக் கீழே வைத்தார்.

“தங்கச்சி, ஒண்ணு கேக்கவா? மல்லிகா போன்ல பேசுச்சு. அது வீட்டுல ஒரு ரூம் சும்மாதான் இருக்காம், பழைய வேலைக்கும் ஆள் எடுக்கறாங்களாம். நான் இங்கயே இருக்கட்டுமா, இல்ல அங்க வந்துடட்டுமா? நீ என்ன சொல்ற?”

வந்துவிடுங்கள் என்கிற வார்த்தை என் வாய்வரை வந்தது. வரும் வழியில் நர்சரிக்காரர் சொன்னது அப்படியே காதில் நின்றது. இங்கே இவரைப் பிடுங்கி, அங்கே கொண்டுபோய் வைத்து, மல்லிகா வீட்டில் ஒத்துப்போகாவிட்டால், வேலை கிடைக்காவிட்டால், அண்ணன் உறவும் அறுந்துவிட்டால்?

“உங்களுக்கு எது புடிச்சிருக்குக்கா?” என்று கேட்டேன்.

அவர் உண்மையாகவே யோசித்தார். குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. “தெரியலையே” என்றார்.

“நான் யோசிச்சு போன் பண்றேன்க்கா.”

“சரி. நல்லா யோசிச்சுச் சொல்லு. அவசரமில்ல.”

யோசித்தேன். யோசிக்காமல் இருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. வேனில் அவர் உட்கார்ந்த சீட்டில் புதிதாக வந்த ஒரு பெண் தூங்கிக்கொண்டு வருவாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் யோசித்தேன். இரண்டு முறை அவர் எண்ணை எடுத்து, அழுத்தாமல் வைத்தேன். “வரச் சொல்லேன்லா” என்று மல்லிகா திட்டினாள். நீயே சொல் என்றேன். “நான் சொல்லிட்டேன், உன்ன கேட்டுட்டு வரேன்னு சொல்றாங்க” என்றாள். தீபாவளி கழியட்டும், கிறிஸ்துமஸ் கழியட்டும் என்று தள்ளிப்போட்டேன். சொல்லாமல் இருந்தால் கெடுதல் செய்ய முடியாது என்று ஒரு தைரியம்.

ஏழு மாதம் ஆனது. ஒரு செவ்வாய்க்கிழமை அண்ணன் மகள் அழைத்தாள். அத்தை குழாயடியில் மயங்கி விழுந்துவிட்டார், தலைக்குள் இரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம், ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது என்றாள்.

நானும் மல்லிகாவும் போனோம். பெட்டிக்குள் அவருக்கு ஒரு ஊதா நிறச் சேலை உடுத்தியிருந்தார்கள், அவரிடம் நான் பார்த்தேயிராத சேலை. பாட்டு முடிந்து ஜெபம் நடந்துகொண்டிருந்தபோது, அண்ணன் மகள் என்னை வெளியே கூப்பிட்டாள். கண் வீங்கியிருந்தது.

“அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அத்தை உங்க போனுக்குத்தான் காத்துகிட்டே இருந்தாங்க. மீன் கழுவறப்பகூட போன பிளாஸ்டிக் பையில சுத்திப் பக்கத்துலயே வச்சிருப்பாங்க. என்ன விஷயம் அத்தைன்னு கேட்டா, எனக்கென்ன தெரியும், தங்கச்சி சொன்னாத்தான் தெரியும்பாங்க. நீயே போட்டுக் கேளேன்னு அப்பாகூட சொன்னாரு. அது யோசிச்சுகிட்டு இருக்கு, தொந்தரவு பண்ணக் கூடாதுன்னுட்டாங்க.”

மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“நீங்க என்னாக்கா சொல்றதா இருந்தீங்க?”

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். வந்துவிடுங்கள் என்று சொல்வதாக இருந்தேன் என்று அவளிடம் சொன்னேன். அது உண்மைதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.